நின்றாலும் தேயும் இன்ஜின்

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டு கராஜிலேயே விமானம் கட்டிப் பறக்கலாம். கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்கள் தம் ஆர்வத்துக்காகச் செய்தது என்று காட்டினால், எக்ஸ்பெரிமென்டல் என்ற வகையில் அதற்குப் பதிவு கிடைக்கும். 1953-இல் மில்வாக்கியில் பால் போபெரெஸ்னி தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் இந்த ஆர்வத்தை ஓர் இயக்கமாகவே ஆக்கிவிட்டது. இறக்கை, உடற்பகுதி, வால் எல்லாம் கட்டுபவரின் மாலை நேரங்களையும் வார இறுதிகளையும் தின்றுதான் உருவாகின்றன. இன்ஜின் அப்படியல்ல; பெரும்பாலும் அதை ரொக்கம் கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும். மொத்த விமானத்திலும் ஒரே தவணையில் பெரிய தொகை போவது அதற்குத்தான். ஆகவே எந்த இன்ஜின் ஓட்டச் சிக்கனம், எதைப் பராமரிப்பது எளிது என்ற வழக்கு அங்கே ஓய்வதே இல்லை. அந்த வழக்கில் பலரும் கூட்டலும் பெருக்கலும் சரியாகத்தான் செய்கிறார்கள். வகுக்கும்போதுதான் சறுக்குகிறார்கள்.

விமான இன்ஜின் ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் ஓர் ஆயுள் சொல்வார். இத்தனை மணி நேரம் ஓடியபின் முழுவதும் பிரித்து ஓவர்ஹால் செய்யுங்கள் என்பது அதன் பொருள். ஆஸ்திரியாவின் குன்ஸ்கிர்கெனில் தயாராகும் 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ்ஸுக்கு அது 2,000 மணி. அமெரிக்க லைகோமிங் ஓ-320-க்கும் அதே 2,000. விற்பவரும் வாங்குபவரும் விலையை இந்த எண்ணால் வகுத்து, மணிக்கு இத்தனை டாலர் என்கிறார்கள். கணக்கு வசதிக்காகப் புது ரோட்டாக்ஸ் ஒன்று 24,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2,000-ஆல் வகுத்தால் மணிக்கு 12 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கையேட்டில் அந்த 2,000-க்குப் பக்கத்திலேயே இன்னோர் எண்ணும் உண்டு: 15 ஆண்டு. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. சொந்த விமானம் வைத்து, ஆண்டுக்கு 50 மணி நேரம் பறக்கும் ஒருவருக்கு 15 ஆண்டில் 750 மணிதான் சேரும். 24,000-ஐ 750-ஆல் வகுத்தால் மணிக்கு 32 டாலர். அதாவது, விளம்பரக் கணக்கைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். இன்ஜின் மாறவில்லை, விலை மாறவில்லை. வகுக்கும் எண் மட்டும் மாறியது.

இதே இன்ஜினை ஆண்டுக்கு 500 மணி ஓட்டும் பறக்கும் பள்ளி ஒன்று 4 ஆண்டில் 2,000-ஐத் தொட்டுவிடும். அதற்கு 12 டாலர் உண்மையான கணக்கு. இன்னொரு ஆதாயமும் அதற்கு உண்டு. ரோட்டாக்ஸில் எரிபொருள் குழாய், குளிர்நீர்க் குழாய், கார்புரேட்டர் சாக்கெட் முதலான ரப்பர் பாகங்களை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாற்ற வேண்டும். 4 ஆண்டில் ஓவர்ஹாலுக்குப் போகும் இன்ஜினுக்கு அந்தச் செலவு தனியாக வருவதே இல்லை. வார இறுதியில் மட்டும் பறப்பவர் தன் 15 ஆண்டில் அதை இரண்டு முறை செய்ய வேண்டும். ஒரு முறைக்கு 1,500 டாலர் என்று வைத்தால், 750 மணியில் மணிக்கு இன்னும் 4 டாலர் ஏறும். வீட்டில் கட்டிய விமானத்தின் இன்ஜினை மணிமீட்டர் மட்டும் தின்பதில்லை. அதைவிட அதிகமாக நாட்காட்டிதான் தின்கிறது. இந்த ஒன்றை ஒப்புக்கொண்டால் சிக்கனம் என்று நாம் நினைத்த வரிசையே கலைந்துபோகிறது.

நாட்காட்டி எப்படித் தின்கிறது என்பதை லைகோமிங்கில் கண்ணால் பார்க்கலாம். அந்த இன்ஜினில் கேம்ஷாஃப்ட் இருப்பது கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே. ஓடும்போது கீழிருந்து தெறிக்கும் ஆயில்தான் அதற்கு உயவு. நிறுத்திய பிறகு ஆயில் மெல்ல வழிந்து கீழே இறங்கிவிடும். ஒரு மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். எரிதலில் உண்டான நீராவி உள்ளேயே குளிர்ந்து துளியாகும். வாரக்கணக்கில் நின்றால் படலம் விட்டுப்போன இடத்தில் துரு ஊசிமுனை அளவுக்குப் புள்ளி வைக்கும். அடுத்த முறை ஓட்டும்போது அந்தப் புள்ளி கேமுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவே அரமாகி மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பார்த்தால் இரும்புப் பொடி மின்னும். அப்போது மீட்டரில் 400 மணிதான் ஓடியிருக்கிறது என்பது ஆறுதலாகாது, கேம்ஷாஃப்டை மாற்ற இன்ஜினை முழுவதும் பிரித்தாக வேண்டும். சில நிமிடம் ஸ்டார்ட் செய்து தரையில் உறுமவிட்டு அணைப்பது இதற்கு மருந்தல்ல. ஆயில் முழுச் சூடு ஏறாமல் ஈரம் வெளியேறாது, புது ஈரம்தான் சேரும். லைகோமிங் நிறுவனமே இதை எழுத்தில் வைத்திருக்கிறது. மணிக்கணக்கு முடியாவிட்டாலும் 12-ஆம் ஆண்டில் ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது. மாதம் 40 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும் இன்ஜினுக்கோ 200 மணி கூடுதல் ஆயுள் தருகிறது. ஓட ஓட ஆயுள் கூடும் என்று தயாரித்தவரே சொல்லும்போது, ஓடாமல் பத்திரமாக வைத்திருந்த இன்ஜின் என்ற விற்பனைப் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது?

பழைய கான்டினென்டல் ஓ-200 இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் தேவலாம். அதில் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்குக் கீழே இருப்பதால் இந்தத் துரு அதை அவ்வளவாக அண்டுவதில்லை. செஸ்னா 150 பயிற்சி விமானங்களில் ஆயிரக்கணக்கில் பறந்த 100 குதிரைத்திறன் இன்ஜின் அது. கியர்பாக்ஸ் இல்லை, குளிர்நீர் இல்லை. 2,750 சுற்றில் விசிறியை நேராகச் சுழற்றும். ரோட்டாக்ஸோ 5,800 சுற்று வரை போய், கியர்பாக்ஸால் வேகத்தைக் குறைத்து விசிறிக்குக் கொடுக்கிறது. எடை குறைவு, எரிபொருளும் குறைவு. ஆனால் கவனிக்க வேண்டிய உறுப்புகள் அதிகம். பழைய ஓ-200 ஒன்றில் ஓவர்ஹாலுக்குப் பின் 1,100 மணி ஓடிவிட்டது என்றால் பறக்கும் பள்ளி அதை வாங்கத் தயங்கும். ஆண்டுக்கு 50 மணி பறப்பவருக்கோ மிச்சமிருக்கும் மணிகளே பத்து ஆண்டுக்கு மேல் போதும். முழு ஆயுளுக்குக் காசு கொடுத்துவிட்டு அதில் பாதியைக்கூடப் பயன்படுத்தாமல் விடுவதைவிட, தேவையான அளவு மிச்சமுள்ள இன்ஜினை வாங்குவதுதான் அவருக்கு லாபம்.

எரிபொருள் மிச்சத்தை மறந்துவிட்டீர்களே என்று ரோட்டாக்ஸ் தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி, கணக்கிலேயே பதில் சொல்லலாம். பயண வேகத்தில் 912 யூஎல்எஸ் மணிக்குச் சுமார் 18 லிட்டர் குடிக்கும். ஓ-200 சுமார் 21. பெரிய வித்தியாசம் லிட்டரில் இல்லை, விலையில் இருக்கிறது. ரோட்டாக்ஸ் ஈயமில்லாத கார் பெட்ரோலையே விரும்பும். ஓ-200 பெரும்பாலும் விமான நிலையத்தில் விற்கும் ஈயம் கலந்த ஆவ்கேஸில் ஓடுகிறது. லிட்டர் ஒரு டாலர் எதிர் 1.70 டாலர் என்று வைத்தால் மணிக்கு 18 டாலர் எதிர் ஏறக்குறைய 36 டாலர். இனி முதலீடு. ரோட்டாக்ஸ் ரப்பர் வேலையோடு 27,000. பழைய ஓ-200, நடுவில் சிலிண்டர், மேக்னெட்டோ வேலைகளையும் சேர்த்து 12,000 என்று வையுங்கள். 15,000 டாலர் வித்தியாசத்தை மணிக்கு 18 டாலர் மிச்சத்தில் மீட்க 833 மணி பறக்க வேண்டும். 15 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 55 மணிக்குச் சற்று மேல். அதற்கும் கீழே பறப்பவருக்கு ரோட்டாக்ஸின் சிக்கனம் காகிதத்தில் மட்டுமே. 100 மணி பறப்பவருக்குச் சந்தேகமே வேண்டாம், ரோட்டாக்ஸ்தான். என் விலைகளை ஏற்காதவர் தம் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கட்டும். கோடு சற்று மேலே கீழே நகரும், மறையாது. இன்னொன்றும் உண்டு. ஓ-200-இன் அமுக்க விகிதம் 7:1 தான். குறைந்த ஆக்டேன் எரிபொருளுக்காகப் பிறந்தது அது. எத்தனால் கலக்காத கார் பெட்ரோல் பக்கத்திலேயே கிடைத்தால் அதற்கும் அதையே ஊற்றலாம், எக்ஸ்பெரிமென்டல் விமானத்துக்கு அதற்கென்று தனிச் சான்றிதழ் தேவையில்லை. அப்போது வித்தியாசம் மணிக்கு 3 டாலராகச் சுருங்கி, மீட்க 5,000 மணி ஆகும். ஒரு மனிதர் அதுவரை பறக்கப்போவதில்லை.

ஆவ்கேஸ் ரோட்டாக்ஸுக்கு ஒவ்வாதது ஏன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், பராமரிப்பில் அது தனிச் செலவு. நூறு எல்எல் எனப்படும் ஆவ்கேஸில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். எரிந்தபின் அந்த ஈயத்தில் ஒரு பங்கு ஆயிலில் சேறாகப் படியும். ரோட்டாக்ஸில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைப் பகிர்கின்றன. ஆகவே ஈய எரிபொருளே பெரும்பாலும் ஊற்றினால், 100 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயிலைப் பாதிக் காலத்திலோ அதற்கும் முன்னாலோ மாற்ற வேண்டும். கியர்பாக்ஸையும் சீக்கிரமே பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கத்து விமானதளத்தில் ஆவ்கேஸ் மட்டுமே விற்கிறார்கள் என்றால் மேலே போட்ட 18 டாலர் மிச்சத்தில் பெரும் பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

மலிவின் எல்லைக்கே போனால் வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் இன்ஜினைத் திருத்திப் பறக்கவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆஷ்காஷைச் சேர்ந்த சோனெக்ஸ் விற்கும் ஏரோவீ 2,180 சிசி, 80 குதிரைத்திறன். பெட்டியில் பாகங்களாக வரும், கட்டுபவரே கோக்க வேண்டும். இது 10,000 டாலர், நடுவில் ஒருமுறை ஹெட், சிலிண்டர்களை மாற்ற இன்னும் 2,500 என்று வைத்தால், 750 மணியில் மணிக்கு 17 டாலருக்குள் அடங்கும். ரோட்டாக்ஸின் 36 டாலருக்கு முன்னால் இது பாதிகூட இல்லை. குறைவாகப் பறப்பவர் முதலீட்டைத்தான் குறைக்க வேண்டும், மணிச் செலவையல்ல என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் இந்த இன்ஜின் கையைக் கேட்கும். காரில் 50 குதிரைத்திறனோடு நின்றதிடம் 80 கேட்கும்போது எக்ஸாஸ்ட் வால்வும் ஹெட்டும் சூட்டில் வாடும். வால்வு இடைவெளியை அடிக்கடி அளந்து சரிசெய்ய வேண்டும். அளக்கும்போது இடைவெளி முன்னைவிடக் குறைந்திருந்தால் வால்வு நீள்கிறது அல்லது உள்ளே அமிழ்கிறது என்று பொருள். அந்த மாற்றத்தை எழுதி வைப்பவருக்கு இது மலிவான இன்ஜின், எழுதாதவருக்கு எப்போது நிற்கும் என்று தெரியாத இன்ஜின்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். வானில் இன்ஜின் நின்றால் வரும் செலவை எந்தப் பட்டியலும் காட்டுவதில்லை, மலிவு பார்க்கும் இடமா இது என்பார்கள். அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி 2012-இல் அமெச்சூர் விமானங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இன்ஜின் சக்தியிழப்பையும் கட்டுப்பாடு இழப்பையும் விபத்துகளின் முதன்மைக் காரணங்களாகக் காட்டியது. சான்றிதழ் பெற்ற இன்ஜின், விசிறி ஜோடி என்றால் தொடக்கச் சோதனைப் பறத்தல் 25 மணி, இல்லாவிட்டால் 40 மணி என்ற வழக்கமான விதிக்குப் பின்னாலும் இந்த அனுபவம்தான் இருக்கிறது. மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அது விலையுயர்ந்த இன்ஜினுக்கு ஆதரவான வாதம் என்பதை ஏற்க முடியாது. அந்த ஆய்வு காட்டிய இன்னொரு உண்மை, விபத்துகளில் பெரும் பங்கு விமானத்தின் முதல் சில பறத்தல்களிலும், பழைய விமானத்தை இன்னொருவர் வாங்கிய புதிதிலும் நடப்பது. எரிபொருள் குழாய், கார்புரேட்டர் சூடு, காற்றோட்டம், பொருத்துதல் என்று இன்ஜினைச் சுற்றியுள்ளவை அப்போதுதான் முதன்முதலாகச் சோதிக்கப்படுகின்றன. கார் இன்ஜினைக் கொண்டுவருபவர் இவை அனைத்தையும் தானே வடிவமைக்கிறார். அபாயம் பெரும்பாலும் அங்கே இருக்கிறது. ஆகவே பலர் கட்டிப் பறந்து குறைகள் வெளியே வந்துவிட்ட அமைப்பை அப்படியே பின்பற்றும் மலிவு வேறு, தானே புதிதாகக் கண்டுபிடிக்கும் மலிவு வேறு. தொழிற்சாலை இன்ஜின் என்பதும் காப்பு அல்ல. ஆஸ்திரேலியாவின் ஜாபிரு இன்ஜின் விமானத்துக்கென்றே வடிவமைத்தது. அடுக்கடுக்கான கோளாறுகளால் 2014 டிசம்பரில் அந்நாட்டு விமானப் பாதுகாப்பு அமைப்பு அவற்றின் பறத்தலுக்கே கட்டுப்பாடு விதித்தது, 2016-இல்தான் தளர்ந்தது.

இரண்டு-ஸ்ட்ரோக் இன்ஜின்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ரோட்டாக்ஸ் 582 நெடுங்காலம் இலகு விமானங்களின் ஏழைப் பங்காளன். 65 குதிரைத்திறன்தான், ஆனால் பயண வேகத்தில் 100 குதிரைத்திறன் 912 குடிப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமாகக் குடிக்கும். ஆயில் வேறு கலக்க வேண்டும். 300 மணி அல்லது 5 ஆண்டு என்பது அதன் கெடு. வேடிக்கை என்னவென்றால், ஆண்டுக்கு 60 மணி பறப்பவருக்கு இரண்டு கெடுவும் ஒரே நாளில் முடியும். வாங்கிய ஆயுளில் ஒரு மணியும் வீணாகாத இன்ஜின் அது ஒன்றுதான். அதன் உற்பத்தி நின்றுவிட்டதால் புதிதாகக் கட்டுபவருக்கு இந்தக் கணக்கு இனி அதிகம் உதவாது.

ஓவர்ஹால் கெடு வெறும் பரிந்துரைதானே, சட்டமல்லவே, பிறகு ஏன் அதை வைத்து இத்தனை கணக்கு என்பது அடுத்த மறுப்பு. அமெரிக்காவில் சொந்த உபயோக விமானத்துக்கு அது உண்மை. நிலைமையைப் பார்த்துப் பார்த்து ஓட்டலாம். ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும். லைகோமிங், கான்டினென்டல் இன்ஜின்களில் ஒரு சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, விசிறியை ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ள, ஸ்பார்க் பிளக் துளை வழியே 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவார்கள். சிலிண்டரில் தங்கும் அழுத்தத்தை இரண்டாவது மீட்டர் 72 என்று காட்டினால் நலம். 55 காட்டினால் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும்: புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். இதைக் கட்டியவரே செய்யலாம். ஆண்டுச் சோதனைக்குக் கையெழுத்திடும் ரிப்பேர்மேன் சான்றிதழும் அவருக்குக் கிடைக்கும். மெக்கானிக் கூலி மிச்சமாவது இங்கேதான். வாங்கிய இன்ஜின் எதுவானாலும் இது பொருந்தும் என்பதால், கூலி இல்லாத உழைப்பைக் காட்டி ஒரு இன்ஜினை மட்டும் மலிவு என்று சொல்ல முடியாது. கேள்வி, எந்த இன்ஜினின் வேலையை இவர் உண்மையில் செய்வார் என்பது. ரோட்டாக்ஸில் ஆயில் மட்டம் பார்ப்பதற்கே ஒரு முறை உண்டு. அதன் ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. நின்ற இன்ஜினின் அடியில் தேங்கியதைத் தொட்டிக்குத் திருப்ப, விசிறியைக் கையால் சுழலும் திசையிலேயே மெல்ல உருட்ட வேண்டும், தொட்டிக்குள் களக்கென்று குமிழியிடும் சத்தம் வரும்வரை. எதிர்த்திசையில் உருட்டினால் ஆயில் போக வேண்டிய வழியில் காற்று ஏறும். சத்தம் வருமுன் அளவுக்கோலைப் பார்த்து ஆயில் குறைவு என்று ஊற்றுபவர் அளவுக்கு மிஞ்சி ஊற்றிவிடுவார். இத்தனைக்கும் பொறுமை உள்ளவருக்கு ரோட்டாக்ஸ் தங்கமான இன்ஜின்.

விற்கும்போது பணம் திரும்புமே என்றும் கேட்கலாம். 15 ஆண்டான, 750 மணி ஓடிய ரோட்டாக்ஸுக்கு விலை உண்டுதான். ஆனால் வாங்குபவரும் அதே கையேட்டைப் படித்தவர். ஓவர்ஹால் செலவைக் கழித்துத்தான் பேரம் பேசுவார். மலிவு இன்ஜினில் இழக்க அவ்வளவு இல்லை என்பதால் அந்தப் பக்கம் நஷ்டமும் சிறிதே. இன்ஜின் தேர்வில் விமான உடலின் வடிவமைப்பும் கைகளைக் கட்டிப்போடும். ஓரிகனின் வேன்ஸ் நிறுவனத்து ஆர்வி-12 ரோட்டாக்ஸை மனதில் வைத்தே பிறந்தது. அதில் கனமான இன்ஜினைத் திணிக்க முடியாது. மிசூரியின் ஜெனித் சிஎச் 750 போலப் பல இன்ஜின்களை ஏற்கும் வடிவங்களில்தான் இந்தக் கணக்கு முழுவதும் கட்டுபவர் கையில் இருக்கிறது.

இந்தியாவுக்கு இதே கணக்கை அப்படியே கொண்டுவர முடியாது. ரோட்டாக்ஸ் கார் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கிறது. நம் பங்க்குகளில் இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். மணிக்கு 18 டாலர் மிச்சம் என்ற அடித்தளமே இங்கே ஆட்டம் காண்கிறது. இருந்தும் பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் தன் ஹன்சா-என்ஜி இரண்டு இருக்கை விமானத்துக்கு ரோட்டாக்ஸ் 912 குடும்பத்தின் இன்ஜினையே தேர்ந்தெடுத்தது சரியான முடிவு என்பேன். அது பறக்கும் கிளப்புகளின் பயிற்சிக்காக வடிவமைத்த விமானம்; ஆண்டு முழுக்க மாணவர் மாற்றி மாணவர் ஏறிக்கொண்டே இருந்தால் 2,000 மணி என்ற கெடு நாட்காட்டியை முந்திவிடும். கிளப்பின் ஹேங்கரில் அதைப் பார்த்துவிட்டு, மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மட்டும் பறக்கும் ஒருவர் தன் விமானத்துக்கும் அதே இன்ஜினைக் கேட்டால், முதலில் அவரது சென்ற ஆண்டு லாக் புக்கில் மணிகளைக் கூட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.